பாதி முகத்தோடு துணுக்காய்க்கு

தம்பிமாரே, என்னைக் கண்டால் நீங்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். தொட்டவுடன் சிவக்கிற தோல்காரர் சவரக் கதிரையில் வந்து இருந்தால் எந்தச் சவர்க்காரம் போடலாம், எந்தக் கிறீம் போடலாம்? நான் ஒரு பெயரைச் சொன்னால் எழுதி வைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறீர்கள். நான் பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அந்தப் பெயரை நம்பி ஒரு முகத்தைக் கெடுப்பீர்கள். நான் கெடுத்திருக்கிறேன். ஒரு பெடியனின் முகத்தை மட்டுமல்ல, அவனுடைய கலியாணத்தையும் கெடுக்கப் பார்த்தேன். அதுவும் அவன்மேல் இருந்த பாசத்தால்.

ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்துச் சனம் கிளிநொச்சிக்கு வந்தபோது நானும் வந்தேன். அவர்களுக்குக் காணி கிடைத்தது, எனக்கு அவர்களின் தாடி கிடைத்தது. சந்திக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஒரு கதிரை, ஒரு கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாங்கு. இதுதான் என் சலூன். வயல் வேலை முடிந்து வருகிறவர்கள் சேற்றுக் காலோடு வந்து அந்த வாங்கில் இருந்து ஊர்க்கதை முழுவதும் கதைத்துவிட்டுப் போவார்கள். சிலர் சவரம் எடுக்கவும் மறந்துபோவார்கள்.

அவர்களில் ஒருவன் குலசிங்கம். இருபத்தாறு வயது, தகப்பன் இல்லை, தாயோடு இருந்து மூன்று ஏக்கர் வயலைப் பார்த்தவன். ஆள் கறுப்பில்லை, வெள்ளையுமில்லை. உரித்த பனங்கிழங்கு மாதிரி ஒரு நிறம். நல்ல தோல். அவன் என்னை அண்ணை என்று கூப்பிடுவான். இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் தொழில்காரரை அண்ணை என்று கூப்பிட்ட வெள்ளாளப் பெடியன்கள் எத்தனை பேர் என்று உங்கள் தகப்பன்மாரைக் கேளுங்கள். எனக்கு அவன்மேல் உயிர்.

அவனுக்குத் துணுக்காயில் கலியாணம் முற்றாகியது. பெண்ணின் தகப்பன் அங்கே வயலும் மாடும் உள்ள ஆள். ஆவணியில் நாள் வைத்தார்கள். கலியாணக் காலையில் மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கிற மங்கல காரியத்துக்கு என்னைத்தான் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் சலூனில் அப்போது ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒரு பெடியனுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டால் அன்று முதல் அவனுக்கு "மாப்பிள்ளைக் கவனிப்பு". எல்லோருக்கும் போடுகிற, கூட்டுறவுச் சங்கக்கடையில் மலிவாக வாங்கின வெள்ளைச் சவர்க்காரத்தை அவனுக்குப் போடமாட்டேன். அலுமாரியைத் திறந்து, யாழ்ப்பாணம் போய் வாங்கிவந்த சீமைக் கிறீமை எடுப்பேன். குழாயில் வருகிற கிறீம். ரோசாப்பூ மணம் கடைக்கு வெளியேயும் அடிக்கும். வழித்து முடிந்ததும் படிகாரக் கட்டியால் ஒரு தேய், அதற்கு மேல் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர், அதற்கும் மேல் பவுடர். வாங்கில் இருக்கிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பகிடி பண்ணுவார்கள். மாப்பிள்ளை வெட்கப்படுவான். எனக்கு அதைப் பார்க்க ஆசை.

குலசிங்கத்துக்கும் அப்படியே தொடங்கினேன். முதல் நாளே அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் எரிகிறது அண்ணை என்றான். புதுச் சாமான் என்றால் முதலில் எரியத்தான் செய்யும், தோல் பழகிவிடும் என்றேன். எந்தச் சாத்திரத்தில் அப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடுத்த தடவை கன்னம் சிவந்தது. அதற்கு அடுத்த தடவை சிறு சிறு பருக்களாகத் தடித்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றும் புழுதியும் என்று நினைத்து, தோல் காய்ந்துபோயிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கூடக் கிறீம் பூசினேன். பருவுக்கு நல்லது என்று படிகாரத்தை இரண்டு தரம் தேய்த்தேன். தண்ணீரில் பிழையாக இருக்கலாம் என்று கிணற்றுத் தண்ணீரை விட்டு வாய்க்கால் தண்ணீர் எடுத்தேன். கத்தியை மாற்றினேன், நுரை பூசுகிற பிறசை மாற்றினேன். எல்லாவற்றையும் மாற்றினேன், அந்தக் கிறீமை மட்டும் மாற்றவில்லை. அது விலை கூடியது, அதில் பிழை இருக்கும் என்று என் புத்திக்கு ஏறவில்லை.

மூன்று கிழமையில் அந்தப் பனங்கிழங்கு முகம் பார்க்கச் சகிக்காமல் ஆகிவிட்டது. அவன் ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் வந்து கதிரையில் இருந்து முகத்தை நீட்டினான்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், குடையும் கையுமாக ஒரு பெரியவர் வந்து கதிரையில் இருந்தார். ஊருக்குப் புதியவர். முகம் வழிக்கச் சொன்னார். வழிக்கும்போது மழை பற்றிக் கேட்டார், வாய்க்கால் தண்ணீர் பற்றிக் கேட்டார், பிறகு மூன்று ஏக்கர் குலசிங்கத்தைத் தெரியுமோ என்று கேட்டார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, இவர்தான் துணுக்காய்ப் பெண்ணின் தகப்பன். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற இடம் அந்த நாளில் கோயிலும் இல்லை, விதானையார் வீடும் இல்லை. சலூன்தான். உடம்பில் எங்கே என்ன வடு என்று எங்களுக்குத் தெரியும், குடிக்கிறவனின் மூச்சும் எங்களுக்குத் தெரியும். எங்கள் சொல்லுக்கு அந்த மதிப்பு இருந்தது. தம்பிமாரே, அது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வீணாக்காதீர்கள்.

குலசிங்கத்தின் குணத்தைப் பற்றி நான் மனம் நிறையச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"பெடியன்ரை முகத்தில என்னவோ இருக்கெண்டு எங்கட ஆக்கள் கண்டவையாம். அது என்ன, நீ சொல்லு பாப்பம்?"

வாங்கில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் வாயை மூடிக் காதைத் திறந்து வைத்திருந்தார்கள். என் கிறீம்தான் காரணமோ என்று எனக்குள் ஏற்கெனவே ஒரு சந்தேகம் தட்டியிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் என்ன நடக்கும்? அந்தியாவதற்குள் வாய்க்கால் வழியே எல்லா வீட்டுக்கும் கதை போய்விடும். இவன் முகத்தைக் கெடுக்கிறவன் என்ற பெயர் வந்தால் சலூனைப் பூட்டவேண்டியதுதான். எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தார். யாருக்காவது முகத்தில் ஏதாவது பொங்கினால், அவர்கள் கேட்க முதலே உடம்புச் சூடு என்று சொல்லிவிடு, எண்ணெய் வைத்து முழுகச் சொல்லு, பழி உன்மேல் வராது என்று. நல்ல மனுசன், கை சுத்தமான தொழில்காரன். அவரிடம் நான் கற்ற ஒரே கெட்ட பாடம் அது. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அன்றும் அது தானாக வாயில் வந்துவிட்டது.

"அது உள்சூடு, ஐயா," என்றேன்.

"உள்ளுக்கையிருந்து வாறதோ?"

"ஓம் ஐயா. எண்ணெய் வைச்சு முழுகினால் போயிடும்."

அவர் முகம் கறுத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர் எழும்பிக் குடையை எடுத்துக்கொண்டு போன பிறகுதான், நான் வாய்விட்டது என்ன சொல் என்று மெல்ல உறைத்தது. வாடிக்கையாளனுக்கு உள்சூடு என்றால் எண்ணெய் முழுக்கு. மகளைக் கொடுக்கப்போகிற தகப்பனுக்கு உள்ளுக்குள் இருந்து வருகிறது என்றால் வியாதி. அந்தக் காலத்தில் முகம் தடித்துச் சிவந்தால் சனம் பெருவியாதி, குட்டம் என்றுதான் முதலில் காதுக்குள் குசுகுசுக்கும்.

ஆடி பிறந்து நாலைந்து நாளில் குலசிங்கம் வந்தான். கதிரையில் இருக்கவில்லை, வாங்கில் இருந்தான். துணுக்காயிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம், ஆவணி நாள் வேண்டாம், தையில் பார்ப்போம் என்று. தையில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுடைய அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வியாதி வருத்தம் உள்ளுக்கை இருக்கெண்டு ஆரோ அவையளுக்குச் சொல்லிப்போட்டினம் அண்ணை."

அந்த ஆரோ அவனுக்கு முன்னால் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.  வெட்கத்தைச் சொல்கிறேன், அன்று நான் வாய் திறக்கவில்லை. அவன் போன பிறகு கடையைப் பாதி நாளோடு பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அடுத்த நாள் காலை மருத்துவிச்சி அம்மா சைக்கிளில் வந்தா. குடியேற்றத்துப் பிள்ளைகள் அரைவாசிப் பேர் அவாவின் கையில் பிறந்தவர்கள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவா, ஆனால் கதைத்தால் நாங்கள் எல்லோரும் எழும்பி நிற்போம். பெண்பிள்ளைகள் சலூனுக்குள் வருகிற வழக்கம் இல்லை. நான் றோட்டுக்கு ஓடிப்போய்ச் சைக்கிளை மறித்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, நீர் அந்த முகத்துக்கு என்னென்ன போட்டீரோ எல்லாவற்றையும் கொண்டுவாரும் என்றா. ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து நட்ட நடு றோட்டில் நின்றேன். கிறீம், படிகாரம், ஓடிக்கொலோன், பவுடர், சங்கக்கடைச் சவர்க்காரம். பூசைக்குத் தட்டு எடுத்தவன் மாதிரி நான் நிற்க, பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்.

அவா ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தா.

"உது எல்லாத்தையும் ஒரே முகத்திலையோ போட்டனீர்? பிறகு எது கடிச்சதெண்டு எப்பிடித் தெரியும்? ஒண்டை மாத்தும், மற்றதுகளை அப்பிடியே விடும்."

பிறந்த பிள்ளைக்கு எந்தச் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளும் என்று அவா எப்படிப் பார்ப்பா என்றும் சொல்லித் தந்தா. வாய் பேசாத பிள்ளை, எரிகிறது என்று சொல்லாது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டுப் போட்டுவிட்டு அடுத்த நாள் வரைக்கும் பொறுத்திருந்து பார்க்கவேண்டும். மணம் கூடின எதையும் முதலில் சந்தேகப்படவேண்டும். தோல் ஆறி வருமட்டும் கத்தியும் வேண்டாம், நுரையும் வேண்டாம், ஆறின சுடுதண்ணீர் போதும். இவ்வளவுதான். சைக்கிளில் ஏறப்போனவா திரும்பி, பெடியனுக்கு உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்கும் என்று சொல்லிவிட்டுப் போனா. தம்பிமாரே, கத்தி பிடிக்கத் தெரியாத ஒரு அம்மாவிடம்தான் நான் இந்தத் தொழிலில் பெரியதைக் கற்றேன்.

அன்று மத்தியானமே குலசிங்கத்தின் வயலுக்குப் போனேன். வரம்பில் நின்று, அந்த உள்சூட்டுக் கதையைச் சொன்னவன் நான்தான், ஏன் சொன்னேன் என்றால் என் கடையைக் காப்பாற்ற என்று சொன்னேன். அடித்தாலும் வாங்குகிற எண்ணத்தோடுதான் போனேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"அப்ப எனக்கு உள்ளுக்கை ஒண்டும் இல்லையோ, அண்ணை?"

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்மேல் கோபப்படுவான் என்று நினைத்துப் போனேன். அவனோ இவ்வளவு நாளும் தனக்குப் பெருவியாதிதான் என்று தானே நம்பிக்கொண்டு, தாய்க்கும் சொல்லாமல் வயலில் தனியே நின்றிருக்கிறான். ஒரு பொய்யான சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்று அந்த வரம்பில் கண்டேன்.

இரண்டு கிழமை அவன் முகத்தில் கத்தி படவில்லை. தாடியோடு திரிந்தான். பெண் வீட்டார் கைவிட்டதால் சாமியாராகப் போகிறான் என்று சனம் கதைத்தது. இதற்குள் அவனுடைய இடது முழங்கையில் நாளுக்கு ஒரு பொட்டு. படிகாரம் வைத்தேன், ஒன்றுமில்லை. ஓடிக்கொலோன் கொஞ்சம் எரிந்தது, சிவக்கவில்லை. கிறீம் வைத்த அடுத்த காலை, ஒரு சதக் காசளவுக்கு வட்டமாகத் தடித்துச் சிவந்து நின்றது. சங்கக்கடை வெள்ளைச் சவர்க்காரத்துக்கு ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளைக்குப் போட மானக்கேடு என்று நான் ஒதுக்கி வைத்த சவர்க்காரம் அது. மணமில்லை, நிறமில்லை, ஒரு பகட்டும் இல்லை.

சரி, எங்களுக்குத் தெரிந்துவிட்டது. துணுக்காயாருக்கு எப்படித் தெரியப்படுத்துவது? போய்ச் சொல்லலாம். ஆனால் அந்த மனுசனுக்கு என் சொல்லில் இனி என்ன மதிப்பு? ஒரு தடவை உள்ளிருந்து வருகிறது என்றவன், மறு தடவை வெளியிலிருந்து வருகிறது என்றால், பெடியன் வீட்டார் ஏதோ தந்து பேசவைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். முகம் முழுக்க ஆறிய பிறகு கூட்டிக்கொண்டு போனாலும், வியாதி இப்போது அடங்கியிருக்கிறது, நாளைக்குக் கிளம்பும் என்பார். யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. வழியைச் சொன்னவன் குலசிங்கம்தான். ஒரு கன்னத்துக்கு அதைப் போடுங்கள், மறு கன்னத்துக்கு இதைப் போடுங்கள், இரண்டையும் கொண்டுபோய்க் காட்டுவோம் என்றான்.

எனக்கு மனம் வரவில்லை. ஆறின தோலில் தெரிந்தே நெருப்பு வைப்பதா? அவன் விடவில்லை. ஒரே கத்தி, ஒரே தண்ணீர், ஒரே கை. வலது கன்னத்துக்குச் சங்கக்கடைச் சவர்க்காரம், இடது கன்னத்துக்குச் சீமைக் கிறீம். இப்படி மூன்று தரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வழித்தேன். மூன்றாம் தரம் முடிய அவன் முகம் இரண்டு ஆளுடைய முகமாக இருந்தது. வலப்பக்கம் பழைய பனங்கிழங்கு. இடப்பக்கம் பழுத்துத் தடித்த மிளகாய். கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் நானே காரணத்தைச் சொன்னேன், என் கிறீம்தான் என்று. ஊர் சிரித்தது. பத்துப் பேர் கொஞ்ச நாள் என் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு வந்தார்கள், வேறு எங்கே போவார்கள்?

கிறீமையும் சவர்க்காரத்தையும் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சிவந்த கன்னம் யன்னல் பக்கம் வருகிற மாதிரி அவனை இருத்தினேன். மாங்குளத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் நின்றபோது அந்த மறைப்புப் பலிக்கவில்லை. ஒரு பக்கம் இருந்து பார்த்தவர்கள் சிரித்துக் கதைத்தார்கள், மறு பக்கம் இருந்து பார்த்தவர்கள் தள்ளி நின்றார்கள். அவன் இரண்டையும் கவனிக்காத மாதிரி நின்றான்.

துணுக்காயார் வீட்டு முற்றத்தில் போய் நின்றோம். அவனுக்குக் கதிரை போட்டார்கள். எனக்குப் போடவில்லை, காலம் அப்படி. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கேட்டபோது என் பிழையை மறைக்க உள்சூடு என்று சொன்னேன் ஐயா, அது பொய், என் கிறீம்தான் காரணம், இதோ ஒரே முகத்தில் இரண்டும் இருக்கிறது, பாருங்கள் என்றேன். அவர் கிட்ட வந்து இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.  பிறகு அந்தக் கிறீமை எடுக்கச் சொன்னார். குலசிங்கம் எழும்ப, அந்தக் கதிரையில் அவரே இருந்தார்.

"எனக்குப் போடு பாப்பம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் நுரைத்துப் பூசி, முகம் முழுவதும் வழித்தேன். குலசிங்கத்துக்கு என்றால் கத்தி வைக்க முதலே சிவந்திருக்கும். இவருக்கு ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டுப் பார்த்தேன், மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் தடவிப் பார்த்தார்.

"எனக்குக் குளிர்ச்சியாயெல்லோ கிடக்கு. கிறீமில பிழையெண்டால் எனக்கும் பொங்கவேணுமே? அப்ப பிழை எங்கை?"

 ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விதம் ஐயா, சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அதைத்தான் நானும் கேட்கிறேன், ஏன் இவனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது, உள்ளே ஏதோ இருப்பதால்தானே என்றார். நான் அவனுக்கு நல்லது செய்ய வந்து, இருந்த கொஞ்சத்தையும் என் கையாலேயே துடைத்து எடுத்துவிட்டேன்.  குலசிங்கத்தின் சிவந்த கன்னத்தில் வியர்வை வழிந்து இன்னும் எரிந்திருக்கும்.  நான் படித்தவன் இல்லை, மருத்துவிச்சி அம்மா பக்கத்தில் இல்லை. கத்தியைத் துடைத்தேன்.

அப்போது குசினி வாசலில் பெண்பிள்ளை வந்து நின்றா. அதுவரை நான் அவாவைக் கண்டதில்லை. கலியாணம் பேசின பெண்பிள்ளை மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து வாய் திறக்கிற வழக்கம் அங்கே இல்லை. தாய் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. அவா அசையவில்லை. ஒருவரையும் பார்க்காமல், தகப்பனை மட்டும் பார்த்துச் சொன்னா.

"அப்பு, இறால் திண்டால் எனக்கு உடம்பெல்லாம் தடிக்கிறது. ஒரே சட்டியில நீங்களும் சாப்பிடுறியள், உங்களுக்கு ஒண்டும் செய்யிறேல்லை. எனக்கும் உள்ளுக்கை வருத்தமோ? அதை நீங்கள் அவையளுக்குச் சொன்னனீங்களோ?"

 துணுக்காயார் வழித்த முகத்தோடு கதிரையில் அப்படியே இருந்தார். சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. நான் என் கிறீமை மறைத்த மாதிரி, அவரும் ஒன்றை மறைத்துத்தான் கலியாணம் பேசியிருக்கிறார். அந்தப் பெண்பிள்ளை தன்னுடையதைத் தானே முற்றத்தில் எடுத்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றா. அந்த நிமிடம் அவாவின் காலில் விழுந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் குலசிங்கம் வாய் திறந்தான். வந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

"எங்கட வீட்டில இறால் வாங்கிறது குறைவு," என்றான்.

தம்பிமாரே, அது பச்சைப் பொய். பூநகரியிலிருந்து சைக்கிளில் இறால் கொண்டு வருகிறவன் கிளிநொச்சியில் முதலில் நிற்கிற படலை அவனுடையதுதான். அவனுடைய அம்மா இறாலுக்கு முருங்கைக்காய் போட்டு வைக்கிற கறியை நானே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். பொய்யைத் திருத்துவதற்காகப் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போனவன் நான். அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை.

துணுக்காயார் துவாயை எடுத்து முகத்தை ஒருதரம் நன்றாகத் துடைத்தார். மகளைப் பார்த்தார், குலசிங்கத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மற்றக் கன்னத்தையும் ஆத்திப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாரும். முந்தி வைச்ச ஆவணி நாளில மாற்றம் இல்லை."